பைக்குள் வைக்கச் சொன்ன சீட்டு

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் தங்கை பிரசவத்தில் போனபோது நான் கையில் வாங்கிய பெண். ஐந்து பேரையும் ஆளாக்கியது கேரள எல்லையில் அமரவிளைப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் பல் பகுதியில் நான் பார்த்த உதவியாள் வேலை. இருபத்தெட்டு ஆண்டு அங்கே நின்றேன். நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும், அந்த வேலையில் உட்காருவது குறைவு.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. தமிழில் என் பேரை எழுதுவேன். மலையாளத்தில் பஸ்ஸின் போர்டு வாசிப்பேன். அதற்கு மேல் இல்லை. இதைச் சொல்வதில் எனக்குக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. என் கையால் கழுவி வைத்த கருவியில் ஒரு குறை கண்டுபிடித்த டாக்டர் இல்லை.

இப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், உங்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். கருவி கழுவவும் தட்டு எடுத்து வைக்கவும் சொல்லித்தர உங்களுக்கு ஆள் உண்டு. எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு காரியம். பதினொரு ஆண்டுக்கு முந்தையது. நான் செய்த தப்பு.

பல் பகுதி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடியில் ஒரு அறை, ஒரு சிகிச்சை நாற்காலி, வெளியே இரண்டு பெஞ்சு. கீழே முன்பக்கம் பொது டாக்டரின் அறை. அவர் வயதில் மூத்தவர், நாங்கள் பெரிய டாக்டர் என்போம். மேலே பல் டாக்டர் ஒரு பெண், என் மூத்த மகளின் வயது. இருவரும் மலையாளத்தில்தான் பேசுவார்கள். இங்கே நம் பேச்சில் சொல்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவில் பதினெட்டுப் படி. அந்தப் படியில் ஒரு டாக்டர் இன்னொருவரைப் பார்க்க ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை. நோயாளிகள்தான் ஏறி இறங்குவார்கள்.

கீழே காட்ட வெள்ளைச் சீட்டு, மேலே காட்டப் பச்சைச் சீட்டு. ஒருமுறை பெரிய டாக்டரிடம் ஒரு பெண் தெரியாமல் பச்சைச் சீட்டையும் சேர்த்து நீட்டிவிட்டாள். "அங்க பாத்தாச்சுன்னா இங்க என்னத்துக்கு?" என்று அவர் அதை வீசினார். சீட்டு தரையில் விழுந்தது. அந்தப் பெண் குனிந்து எடுத்தபோது அவள் முகத்தை நான் பார்த்தேன். மாடியில் வேறு மாதிரி. பல் டாக்டர் கோபப்பட மாட்டார், ஆனால் வெள்ளைச் சீட்டைக் கண்டால், "அந்த மருந்து முடியட்டும், பிறகு வாங்க" என்று அனுப்பிவிடுவார். ஆரியங்கோட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி, ரப்பர் வெட்டை விட்டுவிட்டு வந்தவர் அதே நோவோடு திரும்பிப் போவார்.

இதைக் கண்டு கண்டு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். வாசலில் நின்று, ஆட்களின் கையைப் பார்ப்பேன். வேறு நிறத்துச் சீட்டு தெரிந்தால், "அத பைக்குள்ள வச்சிட்டு உள்ள போங்க" என்பேன். எல்லை தாண்டி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் போய் வாங்கி வந்த தமிழ்ச் சீட்டு என்றாலும் அதே பேச்சுதான். வரிசை தடையில்லாமல் நகர்ந்தது. "செல்லம்மா வாசல்ல நின்னா காரியம் எளுப்பமா நடந்திரும்" என்று ஊரில் பேர் வந்தது. எனக்கு அந்தப் பேர் பிடித்திருந்தது.

சரோஜம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். பாலராமபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தது. நான் இருக்கிறேன் என்ற ஒரே தைரியத்தில்தான் அங்கிருந்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாள். இடது பக்கத் தாடையில் மூன்று ஆண்டாக நோவு.

பிள்ளைகளே, ஒன்றைக் கவனித்து வையுங்கள். பல் நோவு வந்தவர் ஒரு விரலால் பல்லைத் தொட்டுக் காட்டுவார். தாடை நோவு வந்தவர் கையை முழுதாக விரித்து, காதிலிருந்து கழுத்துவரை தடவுவார். எங்கே என்று அவருக்கே தெரியாது. சரோஜம் அப்படித்தான் தடவினாள். அதற்குள் இடது பக்கம் இரண்டு கடைவாய்ப் பல் போயிருந்தது. ஒன்று எல்லைக்கு அந்தப் பக்கம், ஒன்று நெய்யாற்றின்கரையில். பிடுங்கிய இடம் ஆறியது, நோவு ஆறவில்லை.

முதல் நாள் வாசலில் அவள் என்னிடம் கேட்டாள்.

"அக்கா, கை நோவுக்குப் போன மாசந்தொட்டு கீழ பெரிய டாக்டருக்க மருந்து தின்னுகேன். அத இங்க சொல்லணுமா?"

"கைக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் மக்கா? அந்த வெள்ளச் சீட்ட பைக்குள்ள வை. கேட்டா ஒண்ணும் தின்னல்லன்னு சொல்லு. இல்லேன்னா இன்னைக்கே திருப்பி விட்டிருவாவ."

அவள் அப்படியே சொன்னாள். பல் டாக்டர் நோவுக்குக் குளிகை எழுதினார். நானே மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்தேன். அவள் பையில் கீழே கொடுத்த குளிகை சிவப்பு அட்டையில் இருந்தது, இது வெள்ளி அட்டையில். இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். நிறம் வேறு, அளவு வேறு. வேறு வேறு மருந்து என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தடுத்து இரண்டு முறை வந்தாள். நோவு நிற்கவில்லை. மாத்திரை தின்றால் கொஞ்சம் நிற்கும், பிறகு முன்னைவிட ஏறும். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கஞ்சியை உறிஞ்சிக் குடித்தாள்.

நான்காம் முறை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். பதினெட்டுப் படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தாள். நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தேன்.

"என்ன பிள்ளே, இந்த வயசுலயே இப்பிடி இருந்தா எப்பிடி?"

"தல சுத்துகு அக்கா. வயிறு எரியுகு. வெளிய போவது கரியாட்டம் கறுப்பா போவுகு."

"பட்டினி கெடந்தா அப்பிடித்தான். ஒண்ணுமில்ல, வா."

டாக்டர் சொல்ல வேண்டிய பேச்சை நான் சொன்னேன். அந்த வார்த்தை வாயில் எவ்வளவு எளிதாக வந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் சரோஜம் பல் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டரே, இந்தக் கடைசிப் பல்லையும் பிடுங்கிப் போடுங்க. எனக்குப் பல்லு வேண்டாம். நோவு போனாப் போரும்."

"எக்ஸ்ரேயில பல்லுக்குப் பெரிய குத்தம் ஒண்ணும் காணல்ல. கொஞ்சம் சரிஞ்சு நிக்குது, அவ்வளவுதான். பிடுங்கினா நோவு போவும்னு உறுதி சொல்ல முடியாது."

"போவல்லேன்னா உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன் டாக்டரே. தறியில இருக்க முடியல்ல. ஒரு பாவு நெய்து தீர ரெண்டு மடங்கு நாள் ஆவுகு. இப்பிடியே போனா தறிய மாத்து ஆளுக்குக் கொடுத்திருவாவ."

பல் டாக்டர் நெடுநேரம் யோசித்தார். பிறகு சரி என்றார். ஊசி போடும் முன் கேட்கும் கேள்விகளைக் கேட்டார்.

"சுகர் உண்டா? பிரஷர் உண்டா?"

"இல்ல."

"வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

சரோஜம் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் தலைமாட்டில் நின்றேன். அவள் கண் என் முகத்தில் இருந்தது.

"இல்ல டாக்டரே," என்றாள்.

நான் ஒரு கையால் அவள் கழுத்துத் துணியைச் சரிசெய்யக் குனிந்தேன். நாற்காலிக் கையின்மேல் இருந்த அவள் கை என் கையில் பட்டது. பச்சைத் தண்ணீரில் கிடந்த கைபோலக் குளிர்ந்து வியர்த்திருந்தது. நகத்தைப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை. அப்படி நகத்தை நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். என் தங்கைக்கு. குழந்தை பிறந்து, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருக்க, களைப்புதான் களைப்புதான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த மத்தியானம்.

பல் டாக்டர் ஊசியை எடுத்தார்.

உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் உடனே வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் மருந்து தின்கிறாள் என்று மட்டும் சொன்னால் போதாது. எனக்கு எப்படித் தெரியும், அவள் ஏன் இல்லை என்றாள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அறையில் பயிற்சிக்கு வந்த இரண்டு பெண்கள் நிற்கிறார்கள். செல்லம்மாவைக் கேள், செல்லம்மாவிடம் படி என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தது. ஊசியின் மூடியைக் கழற்றி, காற்றை வெளியே தள்ளி, சரோஜத்தின் கன்னத்தை ஒதுக்குகிற அளவு நேரம் நான் என் பேரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு தட்டைக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் கருவிகள் சிதறின.

"டாக்டரே, ஊசி போடாதீங்க. இவ மருந்து தின்னுகா. கீழ பெரிய டாக்டர் கொடுத்தது. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. சொல்லாண்டாம்னு நானாக்கும் சொன்னது. இவளுக்குக் கறுப்பாட்டு வெளிய போவுகு. நகத்தப் பாருங்க."

பல் டாக்டர் ஊசியை வைத்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார். நகத்தைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "பை எங்க?" என்றார். பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இரண்டு அட்டையையும் எடுத்துப் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசித்தார்.

"ரெண்டும் ஒரே மருந்தாக்கும் சேச்சி. கம்பெனி மட்டும் வேற. ரெட்டிப்பு அளவு தின்னிருக்கா. வயித்துக்குள்ள புண்ணாயி ரத்தம் போவுது."

யாரையும் அனுப்பவில்லை. அவரே படியிறங்கி ஓடினார். இருபத்தெட்டு ஆண்டில் அந்தப் படியில் ஒரு டாக்டர் ஓடி நான் கண்டது அன்றுதான். இரண்டு நிமிடத்தில் பெரிய டாக்டர் மூச்சு வாங்கிக்கொண்டு அவர் பின்னால் ஏறி வந்தார். சரோஜத்தின் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார். "இங்க நிக்காண்டாம். ரத்தம் ஏத்தணும்" என்றார். கையில் ஒரு குழாய் குத்தி, திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றினார்கள். கூட நான் போனேன்.

அவள் தலை என் மடியில். பாலராமபுரம் சந்தியில் வண்டி நெரிசலில் நின்றது. அவள் வீட்டுக்குத் திரும்பும் வழி கண்ணாடி வழியே தெரிந்தது. கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"உள்ளத எல்லாம் சொல்லிப்போட்டியளே அக்கா. உங்கள வேலையவிட்டு நிறுத்த மாட்டாவளா?"

நான் அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணை அடைத்தார்கள். பிழைத்தாள். இன்னும் அரைநாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். அந்தப் பல்லைப் பிடுங்கியிருந்தால் வாயிலும் ரத்தம் நிற்காமல் போயிருக்கும் என்றார் பல் டாக்டர் பிறகு.

மறுநாள் இருவரும் என்னைக் கீழே கூப்பிட்டார்கள். பெரிய டாக்டரின் அறையில் பல் டாக்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"சீட்ட ஒளிக்கச் சொன்னது இவளிட்ட மட்டுமா?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

"இல்ல டாக்டரே. வந்த எல்லார்ட்டயும்."

"எத்தன நாளாட்டு?"

"வருசக் கணக்காட்டு."

அவர் மேசையை ஓங்கி அடித்தார். "எடீ செல்லம்மே, நீ ஆளைக் கொல்லப் பாத்தியா?"

"பாக்கல்ல டாக்டரே. நல்லது செய்யதா நினைச்சேன். நீங்க ஒரு நாள் பச்சச் சீட்ட தரையில வீசினிய. ஒரு பெண்ணு அழுதிட்டு அதப் பொறுக்கினா. அதுக்குப் பிறவுதான் நான் ஒளிக்கச் சொல்லத் தொடங்கினது. அதனால எனக்கத் தப்பு தப்பில்லன்னு சொல்லல்ல. கேட்டிய, சொன்னேன்."

அவருக்கு அந்தப் பெண் நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பல் டாக்டர்தான் பேசினார். "நாங்க ரெண்டு பேரும் ஒரு தடவ ஃபோன் எடுத்துக் கேட்டிருந்தா இது வந்திருக்காது" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அவரைப் பார்த்துச் சொன்னார்.

வேலையிலிருந்து நிறுத்தவில்லை. அதைவிடக் கடினமானதைக் கொடுத்தார்கள். அதே வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரின் பையையும் திறக்கச் சொல்ல வேண்டும். எதையும் விடக்கூடாது. ஆட்கள் சும்மா விடுவார்களா? ஆரியங்கோட்டு ரப்பர் வெட்டுக்காரர் ஒருவர் வரிசையே கேட்கும்படிச் சொன்னார்.

"நேத்து ஒளிக்கச் சொன்னவளும் நீ, இன்னைக்கு எடுக்கச் சொல்லுகவளும் நீ. நாளைக்கு என்ன, தலையில வச்சிட்டு ஆடணுமா?"

"ஆடாண்டாம் அண்ணாச்சி. பையத் தொறந்தாப் போரும்."

கஷாயக் குப்பியை எடுத்தார், கோயில் பஸ்மம் எடுத்தார், மனைவியின் பிரஷர் குளிகையை, தானும் தின்பதுண்டு என்று சொல்லி எடுத்தார். கடைசியில் ஒரு பன்.

"இதையும் டாக்டர் பாக்கணுமா?"

"பன்ன நீங்க தின்னுங்க. வீட்டுக்காரிக்க குளிகைய நீங்க என்னத்துக்குத் தின்னுகிய, அத டாக்டர் கேக்கட்டும்."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் குளிகையை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

சரோஜம் ஒரு மாதம் கழித்து வந்தாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு டாக்டரும் சேர்ந்து பார்ப்பது என்று அதற்குள் வைத்திருந்தார்கள். பெரிய டாக்டர் அவள் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கினார்.

"காலையில எந்திரிச்ச உடனே கை மடங்குமா?"

"ஒரு மணிக்கூர் ஆவும் டாக்டரே. நெய்யுகவளுக்கு எல்லாம் அப்பிடித்தான்."

"தாடையும் காலையிலதான் கூடுதலா நோவுமா?"

"ஓ. இறுகிப்போய் இருக்கும்."

இரண்டு டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். விரல் மூட்டில் இருந்த வாதம்தான் தாடை மூட்டிலும் இருந்தது. கையைக் கீழே காட்டினாள், தாடையை மேலே காட்டினாள். ஒரே நோய் இரண்டு சீட்டில் கிடந்தது. கைக்கும் வாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பல் டாக்டர் இன்னொன்று கேட்டார். தறியில் வேலை செய்யும்போது வாயால் ஏதாவது செய்கிறாளா என்று. சரோஜத்துக்குப் புரியவில்லை. சேலை முந்தியிலிருந்து ஒரு நூலை இழுத்து, அறுந்த இழையை முடிச்சிடுவது எப்படி என்று காட்டினாள். முடிந்ததும் தலையைச் சாய்த்து, இடது பக்கப் பல்லால் மிச்ச நூலைக் கடித்துத் துப்பினாள்.

"எப்பவும் இந்தப் பக்கம்தானா?"

"வலக்கையில நூல் ஓட்டுக ஓடம் இருக்கும் டாக்டரே. பின்ன எந்தப் பக்கம் கடிக்க?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவ?"

"அதெல்லாம் எண்ணிட்டா இருப்பாவ?"

வாதத்துக்கு மருந்து பெரிய டாக்டர் தொடங்கினார், திருவனந்தபுரத்தில் மூட்டு நோய் பார்க்கும் டாக்டரிடம் எழுதிக் கேட்டு. தூங்கும்போது பல்லுக்கு நடுவில் வைக்க ஒரு தகடு செய்து கொடுத்தார் பல் டாக்டர். சூட்டுத் துணி ஒற்றவும், வாயை மெல்லத் திறந்து மூடவும் பழக்கினார். ஒரு சின்னக் கத்தரியை வாங்கித் தறிக்கட்டையில் கட்டச் சொன்னார். எந்த மருந்தை எவர் மாற்றினாலும் மற்றவருக்கு எழுதுவார். அந்தச் சீட்டைக் கொண்டுபோவது நான்.

மாயம்போல் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஒரு ஆண்டுக்கு மேல் ஆனது. இப்போதும் மழைக்காலத்தில் கொஞ்சம் நோவு உண்டு அவளுக்கு. ஆனால் தறி கைமாறிப் போகவில்லை, அந்தக் கடைசிப் பல்லும் அப்படியே இருக்கிறது. அதில்தான் அவள் இன்று முறுக்கு கடிக்கிறாள்.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகிறது, யாரும் எதையும் ஒளிக்க முடியாது என்று உங்களில் ஒரு பெண் சொன்னாள். மக்களே, எல்லைக்கு அந்தப் பக்கம் வாங்கியது உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. வைத்தியர் வீட்டுக் கஷாயம் தெரியாது. டாக்டர் வைவாரோ என்று பயந்துகொண்டு வருகிறவர் இன்றும் வாசலில் முதலில் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்வதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார். வரிசை நகராவிட்டால் பரவாயில்லை. ஆட்கள் உங்களை ஏசினால் பரவாயில்லை.

சரோஜம் பிழைத்தாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் என் பேச்சைக் கேட்டுச் சீட்டைப் பைக்குள் வைத்தவர்கள் எத்தனையோ பேர். திரும்பி வந்தவர்களை நான் கண்டேன். திரும்பி வராதவர்கள் நோவு தீர்ந்து வராமல் இருந்தார்களா, வேறு ஏதாவது ஆனார்களா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அதை இறக்கி வைக்க எனக்கு இடமில்லை, உங்களிடம் சொல்கிறேன் அவ்வளவுதான்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் என் பேத்தி. நடுவில் ஒரு இடத்தில் அவள் பேனா நின்றது.

"அம்மச்சி, ஒளிக்கச் சொன்னது நீங்கதான்னு எழுதணுமா? மருந்து மாறிப்போச்சுன்னு மட்டும் போட்டாப் போராதா? புதுப் பிள்ளைய எல்லாம் உங்கள என்ன நினைக்கும்?"

எழுது என்றேன். பேனா ஓடும் சத்தம் கேட்டது. என்ன எழுதினாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மக்கா, அந்தத் தாளை எடு. வாசலில் சரோஜம் என்னிடம் கேட்டதும், நான் அவளுக்குச் சொன்னதும் எழுதிய இடம். அதிலிருந்து வாசி. சத்தமாக வாசி.